வெயில் வருகிற வீடு: பார்சிலோனாவின் ஒரு மாடிவீட்டுக் கணக்கு

பார்சிலோனாவில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் முதல் வாரத்திலேயே சில ஸ்பானிய வார்த்தைகளை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதில் இரண்டு, விளம்பரத்துக்கு விளம்பரம் தப்பாமல் வரும். ஒன்று 'சொலேயாதோ', வெயில் வருகிற வீடு. இன்னொன்று 'ரெஃபொர்மாதோ', புதுப்பித்த வீடு. இரண்டும் சேர்ந்து வந்தால் வாடகை சட்டென்று ஒரு படி ஏறிவிடும்.

நமக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். சென்னையில் வீடு காட்டுகிற புரோக்கர் "மேற்கு வெயில் அடிக்கவே அடிக்காது சார்" என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறோம். அங்கே வெயில் ஒரு குறை. இங்கே டிசம்பர் மாதத்தில் ஹாலுக்குள் நான்கு மணி நேரம் வெயில் விழுந்தால் ஹீட்டர் செலவு குறையும், துணி காயும், சுவரில் பூஞ்சை பிடிக்காது. மனசுக்கும் ஒரு தெம்பு. அதனால் வெயிலுக்குக் காசு.

2024 அக்டோபரிலிருந்து 2025 மார்ச் வரை, ஆறு மாதம், வேலை நிமித்தமாக அப்படி ஒரு 'சொலேயாதோ, ரெஃபொர்மாதோ' வீட்டில் இருந்தேன். சாந்த் அந்தோனி என்கிற பகுதி. பழைய நகரத்துக்கு ஒட்டினாற்போல மேற்கே. இந்த வீட்டுக்குள் இவ்வளவு வெயில் எப்படி வருகிறது, அதை யார் கொண்டுவந்தது என்று துருவ ஆரம்பித்தேன். புதுப்பித்தது வீட்டுக்காரர் என்று எனக்குத் தெரியும், அதற்கான ரசீது மாதிரிதான் என் வாடகை. ஆனால் வெயில் அவர் கணக்கில் வராது. அது வேறு ஒருத்தர் 1859-ல் போட்ட கணக்கு. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் மாடிக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். என் அழைப்பு மணியில் '3' என்று போட்டிருந்தது. சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஏறினால் மூன்று முடிந்தும் மாடி முடியவில்லை. இங்கே பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேலே 'எந்த்ரசோல்' என்று ஓர் இடைத்தளம், அதற்கு மேலே 'பிரின்சிபல்' என்கிற முதன்மைத் தளம், அதற்கு அப்புறம்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பிப்பார்கள். ஆக என் 'மூன்றாவது' மாடி உண்மையில் ஐந்தாவது.

இந்தப் பெயர்களுக்குள் ஒரு சின்ன சமூக வரலாறே இருக்கிறது. கட்டடம் எழுந்த காலத்தில் லிஃப்ட் கிடையாது. சொந்தக்காரர் பிரின்சிபலில் இருப்பார். அவருக்கு உயரமான கூரை, கல்லில் செதுக்கின மூடிய பால்கனி, சில கட்டடங்களில் அவருக்கென்றே தனிப் படிக்கட்டு. மேலே போகப்போக கூரை தாழும், அலங்காரம் குறையும், வாடகையும் குறையும். உச்சியில் இருந்தவர்கள் மூச்சு வாங்கப் படியேறினவர்கள். அப்புறம் படிக்கட்டின் நடுவிலிருந்த வெற்றிடத்தில் லிஃப்ட் வந்து உட்கார்ந்ததும் எல்லாம் தலைகீழ். இன்றைக்கு 'ஆட்டிக்' எனப்படும் உச்சித்தளம்தான் ராஜா. பழைய ராஜாவின் பிரின்சிபலில் பல இடங்களில் பல் மருத்துவரோ வக்கீலோ அலுவலகம் வைத்திருக்கிறார். வெயில் அப்போதும் மேலேதான் அதிகம். ஏறிப் போய் அதை அனுபவிக்க முடிகிறவர்கள் மாறிவிட்டார்கள்.

சரி, 1859-க்கு வருவோம்.

அதுவரை பார்சிலோனா ஒரு கோட்டைச் சுவருக்குள் அடைபட்டுக் கிடந்தது. சுவருக்கு வெளியே பீரங்கி எட்டும் தூரம் வரை கட்டடம் கட்டக்கூடாது என்பது ராணுவ உத்தரவு. உள்ளே சுமார் 1,87,000 பேர். தொழிற்சாலைகளும் உள்ளேயேதான். 1834-லும் 1854-லும் காலரா வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. 1854-ல் ஒருவழியாகச் சுவரை இடிக்க அனுமதி கிடைத்தது.

இல்தெஃபொன்ஸ் செர்தா என்கிற சிவில் இன்ஜினியர் அந்தச் சமயத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்துத் தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றி ஒரு புள்ளிவிவர நூலே எழுதினார். கூலி எவ்வளவு, ரொட்டிக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் வரும். அவர் கணக்குப்படி வசதி உள்ளவர்களின் சராசரி ஆயுள் 36 வருஷம், தொழிலாளிகளுக்கு 23. காற்றும் வெளிச்சமும் கிடைக்காத வீடு ஆளைக் கொல்லும் என்பது அவருக்குக் கவிதை இல்லை, அட்டவணை.

சுவருக்கு வெளியே இருந்த வெட்டவெளியில் புதிய நகரத்துக்கு அவர் போட்ட திட்டம்தான் 'எஷாம்ப்லா'. கத்தலான் மொழியில் விரிவாக்கம் என்று அர்த்தம். நகராட்சிக்கு அவர் திட்டம் பிடிக்கவில்லை. தனியாக ஒரு போட்டி வைத்து அந்தோனி ரொவீரா இ திரியாஸ் என்கிற கட்டடக் கலைஞரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் மத்ரீத் அரசாங்கம் செர்தாவின் திட்டத்தைத்தான் நடத்து என்று மேலிருந்து உத்தரவு போட்டது. இந்தக் கசப்பு பார்சிலோனாக்காரர்களுக்கு ரொம்ப நாள் போகவில்லை. செர்தா 1876-ல் கடனோடு இறந்தார். ரொவீரா இந்தக் கதையில் பிறகு ஒரு தரம் வருவார்.

திட்டம் எளிமையானது. சுமார் 113 மீட்டர் பக்கம் உள்ள சதுரங்கள். நடுவில் 20 மீட்டர் அகலத் தெருக்கள். சதுரத்தின் நான்கு மூலைகளையும் சீவிவிட்டார், அதனால் ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சிறு மைதானம் மாதிரி விரிகிறது. எதிர்காலத்தில் நீராவி வண்டிகள் தெருவில் ஓடும், திரும்ப இடம் வேண்டும் என்று யோசித்தவர் அவர். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்திருப்பீர்கள், தேன்கூடு மாதிரி.

எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. அந்தச் சதுரங்கள் எதுவுமே நேர் வடக்குத் தெற்காக நிற்கவில்லை. 45 டிகிரி திரும்பி நிற்கின்றன. சீவிய மூலைகள்தான் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு பார்க்கின்றன. சுவர்கள் தென்கிழக்கு, தென்மேற்கு, வடகிழக்கு, வடமேற்கு பார்க்கின்றன. ஆகவே இந்த ஊரில் வழி சொல்லும்போது யாரும் வடக்கு தெற்கு பேசுவதில்லை. 'கடல் பக்கம்', 'மலைப் பக்கம்' என்றுதான் பேச்சு. கடற்கரையின் சாய்வும், ஏற்கெனவே 1827-ல் திறந்திருந்த பாசேய்க் தெ கிராசியா சாலையும் இந்தக் கோணத்துக்கு ஒத்துப்போயின என்பது உண்மை. ஆனால் எல்லா முகப்புக்கும் நாளில் ஏதாவது ஒரு நேரம் வெயில் கிடைக்க வேண்டும் என்பது செர்தா தெரிந்தே வைத்த நோக்கம். நேராக வைத்திருந்தால் வடக்குச் சுவர்க்காரன் பாதி வருஷம் சூரியனையே பார்க்க மாட்டான்.

இது எவ்வளவு தூரம் பலித்தது? ஒரு காகிதத்தில் முக்கோணம் போட்டுப் பாருங்கள்.

பார்சிலோனா 41.4 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று சூரியன் உச்சிக்கு வரும்போதுகூட அடிவானத்திலிருந்து 25 டிகிரிதான் உயரம். நம் ஊர் காலை எட்டே கால், எட்டரை மணி வெயில் மாதிரி சாய்ந்து வரும். (உச்சி வேளை என்றால் 12 மணி என்று நினைக்காதீர்கள். ஸ்பெயின் தன் இடத்துக்குப் பொருந்தாத கடிகாரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது, குளிர்காலத்தில் பார்சிலோனாவில் சூரிய உச்சி 12:50 வாக்கில்.) தெரு 20 மீட்டர் அகலம், ஆனால் வெயில் 45 டிகிரி குறுக்காக வருவதால் அது கடக்கும் தூரம் 28 மீட்டர். அந்தத் தூரத்தில் 25 டிகிரி சாய்வில் வெளிச்சம் சுமார் 13 மீட்டர் கீழே இறங்கும்.

செர்தா நினைத்த கட்டடத்தின் உயரம் 16 மீட்டர். பதினாறில் பதின்மூன்று போனால் மூன்று. அதாவது வருஷத்திலேயே மிகக் குட்டையான நாளின் மதியத்தில், தெற்குப் பக்கமாகப் பார்க்கிற முகப்பில் தரைத்தளத்தைத் தவிர எல்லா மாடிக்கும் வெயில். இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது.

ஆனால் ஊர் அந்த 16-ல் நிற்கவில்லை. 1891 விதிகள் 20 மீட்டருக்கு விட்டன, 1942-ல் அது 24-க்கு மேல் போனது. பழைய கட்டடங்களின் தலைமேல் இரண்டு மாடி ஏற்றினார்கள். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும், கீழே செதுக்கல் வேலையோடு அழகான கல், மேலே திடீரென்று மொட்டையாக ஒரு பெட்டி. 24 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அதே மதியத்தில் கீழ் மூன்று தளங்கள் நிழலில்.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். 'எல்லா முகப்புக்கும் வெயில்' என்பது மார்ச்சிலும் செப்டம்பரிலும் அழகாகப் பலிக்கிறது. சம இரவு நாளில் வடகிழக்குச் சுவருக்குக்கூடக் காலையில் மூன்றே முக்கால் மணி நேரம் சூரியன் தெரியும். டிசம்பரில் கதை வேறு. வடகிழக்கிலும் வடமேற்கிலும் சூரியன் சுவரை உரசிக்கொண்டு போவதோடு சரி, எதிர்க்கட்டடம் அதையும் மறைத்துவிடும். என் வீட்டின் தெருப்பக்கம் வடமேற்கு. படுக்கையறை அங்கேதான். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை அங்கே வெயில் என்று ஒன்றை நான் பார்க்கவில்லை. 'சொலேயாதோ' என்று விளம்பரத்தில் போட்டது பாதி வீட்டுக்குத்தான் பொருந்தும்.

அந்த மறுபாதிதான் உண்மையான விஷயம். எஷாம்ப்லா வீடு ஒரு ரயில் பெட்டி மாதிரி. ஒரு முனை தெருவில், மறுமுனை சதுரத்தின் உள்முற்றத்தில். இரண்டு பக்கமும் பக்கத்துக் கட்டடத்தோடு ஒட்டின சுவர், அதில் ஜன்னல் கிடையாது. நடுவில் நீளமான நடை. நடையை ஒட்டிய அறைகளுக்கு 'செலுபெர்ட்' என்கிற ஒரு குறுகிய வெளிச்சக் குழாய்தான் கதி. நம் ஊர் பிளான்களில் ஓ.டி.எஸ். என்று போட்டிருப்பார்களே, அதேதான். பெயருக்கு 'திறந்த வானம்' என்று அர்த்தம். என் வீட்டில் அதில் எட்டிப் பார்த்தால் கைக்குட்டை அளவுக்கு வானம் தெரிந்தது, கூடவே நாலு வீட்டு வெங்காய வதக்கல் வாசனை.

உள்முற்றப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு தாழ்வாரம் உண்டு. 'கலெரியா' என்பார்கள். எங்கள் கலெரியா தென்கிழக்கு பார்த்தது. டிசம்பரில்கூட ஒன்பது மணிக்கு வெயில் வந்து உட்கார்ந்தால் மூன்று மணி வாக்கில்தான் எழுந்து போகும். தெருப்பக்கம் இல்லாத அதிர்ஷ்டம் இங்கே ஏன்? தெரு அகலம் 20 மீட்டர். உள்முற்றமோ, சுற்றிலும் 28 மீட்டர் ஆழத்துக்குக் கட்டினது போக, ஐம்பத்தேழு மீட்டர் அகலம். அதே முக்கோணத்தை மறுபடி போடுங்கள். குறுக்கே 80 மீட்டர், அதில் வெளிச்சம் 37 மீட்டர் இறங்கும். கட்டடம் 24-தான். மதிய வெயில் தரை வரைக்கும் போய்விடும்.

ஆக என் ஹாலில் விழுந்த வெயில், எதிரே யாரும் எதுவும் கட்டாமல் விட்ட ஒரு வெற்றிடத்தின் வெயில். அந்த வெற்றிடத்தைச் சுற்றி எத்தனையோ வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. எந்த ஒரு வீட்டின் பத்திரத்திலும் அது இல்லை.

செர்தா இதைவிடப் பெரிதாக நினைத்திருந்தார். சதுரத்தின் இரண்டு பக்கம் மட்டும் கட்டடம், மற்றதெல்லாம் தோட்டம், யார் வேண்டுமானாலும் குறுக்கே நடந்து போகலாம். நிலச் சொந்தக்காரர்கள் நான்கு பக்கமும் கட்டி மூடினார்கள். பிறகு முற்றத்துக்குள்ளேயும் தரைத்தளத்தில் பட்டறை, கிடங்கு, கார் நிறுத்தம் என்று நிரப்பினார்கள். ஒரு சதுரத்தில் செர்தா அனுமதித்த கட்டடக் கன அளவைப் போல நான்கு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. 1980-களுக்குப் பிறகு நகராட்சி சில முற்றங்களைத் திரும்ப வாங்கித் தோட்டமாக்கியது. ரொஜர் தெ யூரியா தெருவில் ஒரு பழைய தண்ணீர்க் கோபுரத்தைச் சுற்றி இருக்கும் முற்றம் அதில் பிரபலம். கோடையில் அங்கே முழங்கால் அளவுத் தண்ணீர் விட்டு, அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு அதுவே கடற்கரை. எங்கள் முற்றம் அந்த அளவுக்கு யோகம் செய்யவில்லை. கீழே ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதன்மேல் யாரோ எப்போதோ தவறவிட்ட துணிக் கிளிப்புகள்.

இனி 'ரெஃபொர்மாதோ' பக்கம்.

எனக்குக் கீழ்வீட்டில் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக இருந்தார். 1969-ல் கல்யாணமாகி வந்தவர். என்னை 'மகனே' என்றுதான் கூப்பிடுவார், அது இங்கே வயதானவர்களின் வழக்கம். ஒருமுறை லிஃப்ட் ரிப்பேர், அவர் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். உள்ளே கூப்பிட்டார். அப்போதுதான் என் வீடு முன்பு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது, ஏனென்றால் இரண்டும் அச்சு அசல் ஒரே பிளான்.

அவர் வீட்டில் நடை அப்படியே இருக்கிறது. ஏழெட்டுச் சின்ன அறைகள். கலெரியாவின் ஒரு ஓரத்தில் கழிப்பறை, இன்னொரு ஓரத்தில் துணி துவைக்கும் கல். ஒவ்வொரு அறைத் தரையிலும் வேறு வேறு பூவேலை, சுற்றிலும் கரை கட்டி, பாய் விரித்த மாதிரி. இதற்கு இங்கே 'மொசாயிக் இத்ராலிக்' என்று பெயர். நம் அத்தங்குடிக் கல்லுக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டுமே சூளையில் வைக்காதவை. சிமென்ட்டில் வண்ணம் கலந்து அச்சில் ஊற்றித் தண்ணீரில் பதப்படுத்துவது. அத்தங்குடியில் கண்ணாடிமேல் ஊற்றிக் கையால் செய்கிறார்கள், இங்கே இரும்பு அச்சில் வைத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தினார்கள். பக்கம் 20 சென்டிமீட்டர்.

மேலே என் வீட்டில் நடுச்சுவர்களை எடுத்துவிட்டு ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்கியிருந்தார்கள். தரைக் கற்களை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் சுவர் நின்ற இடத்தில் கல் கிடையாது. அதனால் பூப்பாய்களுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்குச் சாம்பல் நிற சிமென்ட் பட்டை ஓடும். வீட்டுக்காரர் அதை டிசைன் மாதிரி சொன்னார். எனக்கு அது பழைய வீட்டின் வரைபடமாகத்தான் தெரிந்தது. இங்கே ஒரு கட்டில் இருந்திருக்கும், இங்கே ஒரு கதவு.

கூரையிலும் அதே வேலை. பூச்சுக் கூரையைப் பெயர்த்து, உத்தரங்களையும் அவற்றுக்கு நடுவே செங்கலால் வளைத்துக் கட்டின குட்டி வளைவுகளையும் வெளியே காட்டியிருந்தார்கள். நம் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குக் கட்டைமேல் செங்கல் அடுக்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது. அந்தப் பூச்சு சும்மா அழகுக்கு இருந்ததில்லை என்பது மேல்வீட்டுக்காரர் நாற்காலியை நகர்த்தும்போதுதான் தெரியவரும். அதே சமயம், இரட்டைக் கண்ணாடி ஜன்னல், சீரான மின்கம்பி, ஒழுகாத குழாய், இவையெல்லாம் கீழ்வீட்டு அம்மாவுக்கு இல்லை. அவர் ஜனவரியில் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நடமாடுவார். புதுப்பித்தலைக் குறை சொல்வது சுலபம், குளிர் காலத்தில் அந்தப் பழைய வீட்டில் இருந்து பார்த்தால் பேச்சு குறையும். சுவரை இடித்ததால் என் ஹாலின் நடுப்பகுதி வரை வெயில் போனது, அதுவும் நிஜம். கீழே அது கலெரியாவோடு நின்றுவிடும். அங்கேதான் அவர் நாற்காலி. ஒன்பதிலிருந்து மூன்று வரை அவர் வாழ்க்கை அந்த நாற்காலியில்.

சாந்த் அந்தோனியைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எஷாம்ப்லாவை நடுவே பிரிப்பது பால்மெஸ் தெரு. அதில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது, 1929-ல்தான் அது நிலத்துக்குக் கீழே போனது. தண்டவாளத்துக்கு வலப்பக்கம் பணக்காரர்கள். இடப்பக்கத்துக்கு ஊர் தன் கண்முன் வேண்டாம் என்று நினைத்ததெல்லாம் வந்தது. 1904-ல் திறந்த சிறைச்சாலை, ஆடுமாடு அறுக்கும் கூடம், பெரிய ஆஸ்பத்திரி. எங்கள் பகுதி அந்த இடப்பக்கத்தின் கடல் முனை. சிறை 2017-ல் மூடப்பட்டது, அறுப்புக்கூடம் இருந்த இடம் இப்போது ஜுவான் மிரோ பெயரில் பூங்கா.

பகுதியின் இதயம் சந்தைதான். ஒரு முழுச் சதுரத்தை நிரப்பி, சீவிய மூலைகளை நோக்கி நான்கு கைகளை நீட்டி நிற்கும் இரும்புக் கூடம். 1882-ல் திறந்தது. வடிவமைத்தவர் யார் தெரியுமா? செர்தாவிடம் தோற்ற அதே ரொவீரா. எதிராளியின் கட்டத்துக்குள்ளேயே அதன் மிக அழகான கட்டடத்தைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். 2009-ல் ஆரம்பித்த புதுப்பிப்பு 2018 மே மாதம்தான் முடிந்தது. தோண்டும்போது பழைய கோட்டைச் சுவரின் கொத்தளம் கிடைத்தது. மூடிவிடாமல் கீழ்த்தளத்தில் அப்படியே வைத்திருக்கிறார்கள். மீன் வாங்கிக்கொண்டு இறங்கிப் போய், யாரை அடைத்து வைத்திருந்த சுவர் இது என்று பார்த்துவிட்டு வரலாம். ஞாயிறு காலையில் சந்தையைச் சுற்றிப் பழைய புத்தகக் கடைகள். என் ஞாயிற்றுக்கிழமைகளையும் சம்பளத்தில் கொஞ்சத்தையும் அங்கேதான் விட்டேன்.

சந்தையைச் சுற்றின தெருக்களில் கார்களைக் குறைத்து, பெஞ்சும் செடியும் வைத்து நடக்க விட்டிருக்கிறார்கள். 'சூப்பர் இல்லா' என்கிற திட்டம், பெருஞ்சதுரம் என்று சொல்லலாம். சற்று மேலே கொன்செல் தெ சென் தெருவின் ஒரு பெரும்பகுதியை 2023-ல் பசுமைத் தெருவாக மாற்றினார்கள். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடுவதையும் கிழவர்கள் சீட்டாடுவதையும் பார்க்கையில், செர்தா முற்றத்துக்குள் கேட்ட தோட்டம் ஒன்றரை நூற்றாண்டு கழித்துத் தெருவுக்கு வந்திருக்கிறது என்று தோன்றியது. இது எனக்குப் பிடித்த ஊர்.

பிடிப்பது எனக்கு மட்டுமில்லை என்பதுதான் சிக்கல். சந்தை புதிதாகி, தெரு பசுமையாகி, கலெரியாவில் வெயிலும் இருந்தால் வாடகை என்ன ஆகும்? 2024-ல் பார்சிலோனாவில் புது ஒப்பந்தங்களின் சராசரி மாத வாடகை 1,100 யூரோவுக்கு மேல். அந்த வருஷம் மார்ச்சிலிருந்து வாடகைக்கு அரசு வரம்பு வந்தது. சாதாரணக் குடியிருப்பு ஒப்பந்தம் என்றால் குறைந்தது ஐந்து வருஷம், அட்வான்ஸ் ஒரு மாதம், புரோக்கர் கமிஷன் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் 'தற்காலிக வாடகை' என்று இன்னொரு வகை உண்டு. பதினொரு மாதம் வரைக்குமான ஒப்பந்தம், படிக்கவோ வேலைக்கோ கொஞ்ச காலம் வருகிறவர்களுக்கென்று வைத்தது. நான் கையெழுத்துப் போட்ட சமயத்தில் அது நடைமுறையில் அந்த வரம்புக்கு வெளியே நின்றது. அட்வான்ஸ் இரண்டு மாதம், கமிஷன் என் தலையில். என் மாதிரி ஆறு மாத ஆட்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தால் அந்த வீடு இனி ஒருபோதும் ஐந்து வருஷக் குடும்பத்துக்குப் போகாது. என் வீடு போகவில்லை. எனக்கு முன்னால் ஒரு டச்சுக்காரர், அவருக்கு முன்னால் இரண்டு மாணவிகள், தபால் பெட்டியில் எல்லார் பெயரும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தது.

இந்தச் சண்டை நான் இருந்த ஆறு மாதத்துக்குள்ளேயே பத்து நிமிட நடைத் தூரத்தில் வெடித்தது. கொன்செல் தெ சென்னும் கலாப்ரியா தெருவும் சந்திக்கும் மூலையில் காசா ஓர்சொலா என்று ஒரு பழைய அழகான கட்டடம். 2021-ல் ஒரு முதலீட்டு நிறுவனம் அதை மொத்தமாக வாங்கியது. பழைய குடித்தனக்காரர்களின் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்காமல், காலியாகும் வீடுகளைச் சீர்செய்து தற்காலிக வாடகைக்கு விட ஆரம்பித்தது. ஓர் ஆசிரியரை வெளியேற்ற 2025 ஜனவரி 31 அன்று நாள் குறித்தார்கள். முந்தின ராத்திரியே தெருவில் நூற்றுக்கணக்கில் ஜனம் கூடிவிட்டது. தள்ளிப்போட்டார்கள். பிப்ரவரி 7 அன்று நகராட்சியும் ஒரு வீட்டுவசதி அறக்கட்டளையும் சேர்ந்து முழுக் கட்டடத்தையும் 92 லட்சம் யூரோவுக்கு வாங்குவதாக அறிவித்தன. வீடுகள் 27. அத்தனை பேரும் தங்கினார்கள். சந்தோஷம்தான், ஆனால் ஊரில் உள்ள ஒவ்வொரு கட்டடத்தையும் இப்படி வாங்க நகராட்சியிடம் பணம் இல்லை. முதலீடு செய்தவர் நஷ்டப்பட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

சுற்றுலா வீடுகள் இன்னொரு கதை. நகரத்தில் உரிமம் உள்ள 10,101 சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று மேயர் 2024 ஜூனில் அறிவித்தார். அதில் எஷாம்ப்லாவில்தான் அதிகம். அவை திரும்பக் குடியிருப்புகளாகுமா, தற்காலிக வாடகைக்கு நழுவுமா என்பது அன்றைக்கு இருக்கப்போகிற சட்டத்தைப் பொறுத்தது.

கீழ்வீட்டு அம்மாவின் கதை இந்த எந்தக் கணக்கிலும் வராது. 1985 மே மாதத்துக்கு முன் போட்ட ஒப்பந்தங்களுக்கு ஸ்பெயினில் 'பழைய வாடகை' என்று பெயர். குடியிருப்பவர் விரும்பும் வரை அது தானாக நீளும், வாடகையும் விலைவாசிக் குறியீட்டோடு மெதுவாகத்தான் ஏறும். அவர் கொடுப்பது என் வாடகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒப்பந்தம் அவரோடு முடியும். மகன் சபதேய்லில் இருக்கிறார், கூட வசிக்காதவருக்குச் சட்டப்படி எதுவும் கிடையாது.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் படிக்கட்டில் லேசர் அளவுகோலோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். சாயங்காலம் அவரிடம் கேட்டேன்.

"இன்ஷூரன்ஸுக்கு அளவெடுக்கணும்னு சொன்னாங்க மகனே. நான் திறக்கலை."

"மறுபடி வந்தா?"

"மறுபடியும் திறக்க மாட்டேன். நாற்காலியை விட்டு எழுந்தால்தானே?"

கலெரியாவில் மேஜைமேல் ஒரு பிஸ்கெட் டப்பா இருந்தது. திறந்து காட்டினார். 1969-லிருந்து கட்டின வாடகை ரசீதுகள், வருஷவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு. மேல் கட்டில் இருந்தது அந்த மாதத்து வங்கிச் சீட்டு.

நான் மார்ச்சில் காலி செய்தேன். அடுத்து வருகிறவருக்காகத் தபால் பெட்டியில் இருந்த என் பெயர்ச் சீட்டைக் கிழிக்கப் பார்த்தேன், கோந்து நன்றாகப் பிடித்திருந்தது, வரவில்லை.